கோயில் அலமாரியின் பழைய காகிதங்கள்: தலைப்பு வாரியாக அடுக்குவதா, வந்த வீட்டு வாரியாகவா, எண் போட்டா, ஸ்கேன் செய்தா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்திலோ டொங்காட்டிலோ ஒரு கோயிலின் பொதுக்குழு கூடினால், கணக்கெல்லாம் படித்து முடித்த பிறகு கடைசியாக ஒரு பேச்சு எழும்: அந்த அலமாரியை என்ன செய்வது?

நிர்வாக அறையின் மூலையில் ஓர் இரும்பு அலமாரி. உள்ளே பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள், காவடித் திருவிழா நோட்டீசுகள், தமிழ்ப் பள்ளியின் வருகைப் பதிவேடு, ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிப்போன ரசீதுக் கட்டுகள், யார் எவரென்று தெரியாத புகைப்படங்கள். போன வருடம் கண்ணை மூடிய பெரியவர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி இன்னும் திறக்கப்படாமல் கீழே கிடக்கிறது. நூலகத்தில் வேலை பார்த்த ஒருவர் "டூயி முறையில் அடுக்கிவிடலாம்" என்கிறார்; புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் நூலக முறை அது. கணினி தெரிந்த பேரன் "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மேலே ஏத்திடலாம் தாத்தா" என்கிறான். பொருளாளர் எல்லாவற்றுக்கும் எண் போடச் சொல்கிறார். செயலாளர் அக்கா "வந்தது வந்தபடியே இருக்கட்டும், கை வைக்காதீங்க" என்கிறார். நால்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த நியாயம் எந்த அலமாரிக்குப் பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டம் போட்டவன் கேட்டதுதான் மிஞ்சும்

முடிவெடுப்பதற்கு முன் நம் முன்னோரை எழுதிவைத்த கப்பல் பதிவேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 1860 நவம்பர் 16 அன்று டிரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக வந்த 1,52,184 பேருக்கும் பதிவேட்டில் ஆளுக்கொரு வரி. காலனி எண் (நேட்டால் காலனி அரசு ஆளுக்கொன்று கொடுத்தது), பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, உயரம் என்று பத்திகள்.

தழும்புக்குப் பத்தி இருக்கிறது, தாய்க்கு இல்லை. தோட்டத்திலிருந்து ஓடிப்போனவரை அடையாளம் கண்டு பிடிக்கவும் ஒப்பந்தக் காலத்தைக் கணக்கிடவும் போட்ட கட்டம் அது. பேசும் மொழிக்கும் பத்தி இல்லை. "எங்கள் வீட்டார் தமிழரா தெலுங்கரா?" என்று இன்று ஒரு குடும்பம் கேட்டால் மாவட்டத்தையும் சாதிப் பெயரையும் வைத்து ஊகிக்கத்தான் முடிகிறது. வட ஆர்க்காடு என்று இருந்தால் அந்த ஊகமும் கைவிட்டுவிடும், ஏனென்றால் தெலுங்கு மிகுந்த சித்தூர் 1911 வரை அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

உங்கள் அலமாரிக்கு நீங்கள் போடும் கட்டமும் இப்படித்தான் வேலை செய்யும். எந்தப் பத்தியை விடுகிறீர்களோ அந்தக் கேள்வியை உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்க முடியாது.

எதை வைத்து எடைபோடுவது

முதலில், வந்து கேட்பவர் யார்? டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பெரும்பாலான கேள்வி பெயரை வைத்து வருகிறது: "என் ஆயா இந்தப் பள்ளியில் படித்தாரா?" பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர் சங்கத்தையும் ஆண்டையும் வைத்துக் கேட்பார். பள்ளிப் பிள்ளைகள் "கூழ் ஊத்துறது பற்றி ஏதாவது இருக்கா?" என்பார்கள். மூன்றுக்கும் ஒரே அடுக்குமுறை நன்றாகப் பதில் சொல்லாது.

இரண்டாவது, தவறினால் திரும்பிப் போக முடியுமா? மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு அதிக எடை கொடுக்கலாம். பணத்தைத் திரும்பச் சேர்க்கலாம். கலைத்த கட்டைத் திரும்பக் கட்ட முடியாது.

மூன்றாவது, ஆள் மாறினால் முறை நிற்குமா? சங்க நிர்வாகம் இரண்டு வருடத்துக்கொருமுறை மாறும். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் ஒழுங்கு அவரோடு போய்விடும்.

நான்காவது, மணிக்கணக்கு. ஆயிரம் தாள் கொண்ட ஒரு பெட்டியைத் தாள் தாளாகப் பட்டியலிட்டால், தாளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பது மணி நேரம். அதையே நாற்பது கோப்புகளாகக் கோப்புக்குப் பத்து நிமிடம் என்று எழுதினால் ஏழு மணி நேரத்துக்குள் முடியும். சனிக்கிழமை மட்டும் சிறிது நேரம் வரும் இரண்டு பேருக்கு இந்த வித்தியாசம் சில மாதம்.

ஐந்தாவது, எழுத்து. பழைய குறிப்பேடு தமிழில் இருக்கும், அதைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருப்பார். காந்தி 1903இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் நான்கு மொழிகளில் வந்தது. தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் 1906இல் நின்றதற்கு ஒரு காரணம், தக்க ஆசிரியரும் அச்சுக் கோப்பவரும் கிடைக்காதது. அலமாரியில் தமிழ்ப் பகுதி நின்றுபோவதும் அதே காரணத்தால்தான்: வாசித்துச் சொல்ல ஆள் இல்லாத காகிதம் முதலில் "அப்புறம் பார்க்கலாம்" மூட்டைக்குப் போகும், பிறகு குப்பைக்குப் போகும்.

வழி 1: தலைப்பு வாரியாக

திருவிழா ஒரு பெட்டி, பள்ளி ஒரு பெட்டி, கணக்கு ஒரு பெட்டி, திருமணம் ஒரு பெட்டி. யாருக்கும் விளக்க வேண்டாம், ஒரு மாதத்தில் அறை சுத்தமாகிவிடும். கண்காட்சிக்கும் ஆண்டு மலருக்கும் படம் எடுக்க இதைவிட வசதி கிடையாது.

புத்தகங்களுக்கு இது சரியான வழி. புத்தகத்துக்கு முதுகு ஒன்றுதான், ஏதாவது ஓர் இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் டூயி முறையை அப்படியே எடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1876இல் அமெரிக்காவில் வந்த அந்த முறையில் மதத்துக்கு 200 முதல் 299 வரை இடம். 220 தொடங்கி 280கள் வரை கிறித்தவத்துக்கே போய்விட, இந்து சமயம் முழுவதும் 294.5க்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ் இலக்கியம் 894.811. ஒரு கோயில் நூலகத்தின் முக்கால்வாசி இந்த இரண்டு எண்ணுக்குள் விழும். மற்ற எண்கள் சும்மா கிடக்கும். உங்கள் கையில் முந்நூறு புத்தகம்தான் என்றால் சொந்தமாகப் பன்னிரண்டு தலைப்பு எழுதிக்கொள்வது மேல்.

தனித்தாள்களுக்கு வரும்போதுதான் இந்த முறை திணறுகிறது. நேட்டாலில் ஆடும் தெருக்கூத்தை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றும் சொல்வார்கள். அதன் நோட்டீசு ஒன்று கிடைக்கிறது: கோயில் திருவிழாவில், பள்ளிக் கட்டட நிதிக்காக, ஒரு குறிப்பிட்ட குடும்பத்தார் ஆடியது. இது நாடகமா, நடனமா, சமயமா, பள்ளியா, நிதியா? ஒரு பெட்டியில் போட்டால் மற்ற நான்கு பெட்டியில் தேடுகிறவருக்கு அது இல்லாத பொருள். ஐந்து நகல் எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. மூன்று வருடத்தில் எது மூலம், எது நகல் என்று தெரியாமல் போகும்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர் நம் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தபோது 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை ஒரே கூண்டில் அடைக்காமல் முகம் முகமாகப் பிரித்துச் சொல்கிறது. முகங்களை ஐந்து வகையாக்கினார்: மையப் பொருள், ஆக்கிய பொருள், செயல், இடம், காலம். பெட்டி ஒன்றுக்குள் ஐந்து முகத்தையும் வைக்க முடியாது. பட்டியலில் ஐந்து பத்தியாக வைக்கலாம். இதை மூன்றாம் வழியில் பயன்படுத்திக்கொள்வோம்.

மறைந்திருக்கும் செலவுகளில் சிறியது, "இதர" என்ற கோப்பு. அது மற்றக் கோப்புகளைவிடப் பருத்துவிட்டால் உங்கள் தலைப்புப் பட்டியல் தோற்றுவிட்டது என்று பொருள். இன்னொன்று, தலைப்பு நகர்வது: ஒரு செயலாளர் "புரட்டாசி" என்று வைத்ததை அடுத்தவர் "விரதம்" என்பார், அதற்கடுத்தவர் "பண்டிகை" என்பார்.

பெரிய செலவை ஓர் உறையைத் திறந்துதான் காட்ட முடியும். டிரங்குப் பெட்டியில் பழுப்பு உறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று தாள். ஒன்று, டர்பனின் கேட்டோ மேனரில் ஒரு வீட்டுக்கு நகராட்சிக்குக் கட்டிய வரி ரசீது. இரண்டு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டப்படி காலி செய்யச் சொல்லி வந்த கடிதம். மூன்று, தகரக் கூரையும் முன்னால் ஒரு மாமரமும் உள்ள வீட்டின் புகைப்படம், பின்புறம் ஒன்றும் எழுதவில்லை. தலைப்பு வாரியாகப் பிரிக்கிறவர் ரசீதைக் கணக்கிலும் கடிதத்தை அரசுக் கடிதங்களிலும் படத்தைப் புகைப்படப் பெட்டியிலும் போடுவார். ஒவ்வொன்றும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் எந்த வீடு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, அது அந்த ரசீதோடு ஒரே உறையில் இருந்தது என்பதுதான். அதை அழித்தாயிற்று. இனி அது "பழைய வீடு, ஆண்டு தெரியவில்லை". இடிக்கப்பட்ட வீட்டை இரண்டாவது முறை இடித்தது போலத்தான்.

*எப்போது இது சிறந்தது:* அச்சுப் புத்தகம், இதழ், பாட்டுப் புத்தகம், பள்ளிப் பாடநூல் ஆகியவற்றுக்கு. ஏற்கெனவே மூலம் தெரியாமல் கலந்துபோன நறுக்குகளுக்கும் பொருந்தும், இழக்க இனி ஒன்றுமில்லை.

வழி 2: வந்த வீட்டு வாரியாக

யாரிடமிருந்து வந்ததோ அவர் காகிதம் அவர் பெயரில் தனியாக, உள்ளே இருந்த வரிசையும் கலையாமல். உலகெங்கும் ஆவணக்காப்பகங்கள் பிடிக்கும் வழி இது. பிரான்சில் 1841இல் அரசாணையாக வந்தது, 1898இல் நெதர்லாந்தின் மூன்று காப்பாளர்கள் எழுதிய கையேடு இதை விதியாக்கியது. செயலாளர் அக்கா அந்தக் கையேட்டைப் படித்திருக்க மாட்டார், ஆனால் அவர் சொன்னது அதேதான்.

செய்முறை எளிது, வரிசைதான் முக்கியம். டிரங்கைத் திறந்ததும் ஒன்றையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் பிடியுங்கள். ஒரு அடுக்கு எடுத்ததும் இன்னொரு படம். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எண் எழுதி அதனுள்ளேயே செருகுங்கள். எண் மூன்று துண்டாக இருந்தால் போதும்: வீடு, பெட்டி, கோப்பு. 007-02-005 என்றால் ஏழாவது வீட்டார் தந்தது, இரண்டாம் பெட்டி, ஐந்தாம் கோப்பு. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிளையும் எடுத்துவிடலாம். ஆனால் அவை எந்தத் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தனவோ அவற்றை ஒரு மடித்த தாளுக்குள் சேர்த்தே வையுங்கள். ஊசி போகலாம், உறவு போகக்கூடாது.

பை நிறையக் கொட்டிக் கொண்டுவந்தது என்றால் அதில் காக்க வேண்டிய வரிசை எதுவும் இல்லை. குப்பையாக வந்ததைக் குப்பையாகவே பூசிக்க வேண்டாம். வீட்டுப் பெயரை மட்டும் காத்துக்கொண்டு உள்ளே ஆண்டு வாரியாக அடுக்கிவிடலாம்.

இதன் பலவீனம் அரசுக் காப்பகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே கோப்புகள் உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் இருக்கின்றன. 1872 விசாரணைக் குழுவுக்குப் பிறகு இந்தியக் குடியேறிகளுக்கென்று ஒரு காப்பாளர் அலுவலகம் ஏற்பட்டது. உங்கள் பாட்டனார் பற்றிய தாள் அந்த அலுவலகக் கோப்பிலா, குற்றவியல் நீதிமன்றக் கோப்பிலா, இறந்தவர் சொத்துக் கோப்பிலா என்பது, அவரை எந்த அலுவலகம் தொட்டது என்பதைப் பொறுத்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் முதல் நாள் வெறுங்கையோடு திரும்புவார். சங்கத்து அலமாரியிலும் இதே கதை: "கூழ் பற்றி ஏதாவது" என்று கேட்கும் பிள்ளைக்கு "நாயுடு வீட்டுப் பெட்டி 3" என்ற சீட்டு ஒன்றும் சொல்லாது. பட்டியல் இல்லாமல் இந்த வழி அரைவழிதான்.

மறைந்த செலவு ஒன்று மனிதர் சம்பந்தப்பட்டது. பெட்டியின் மேல் பெயர் போட்ட கணமே அது யார் சொத்து என்ற கேள்வி எழும். பத்து வருடம் கழித்து இன்னொரு மகள் வந்து "அப்பா அதை இரவலாகத்தான் கொடுத்தார்" என்பார். பெட்டி வரும் நாளிலேயே ஒரு பக்கக் கொடைக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்: கொடையா இரவலா, நகலெடுக்கலாமா, எதை எத்தனை வருடம் மூடி வைக்க வேண்டும், கழிப்பதைத் திருப்பித் தரவேண்டுமா. நான்கு வரி போதும்.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது. டிரங்கு இருந்த வீட்டுக்குத்தான் காப்பகத்தில் இடம் கிடைக்கும். மேகசின் பாரக்ஸில் ஓர் அறையில் குடியிருந்த நகராட்சித் தொழிலாளி குடும்பத்துக்குப் பெட்டி ஏது? வீட்டு வாரியாக மட்டும் சேர்த்தால் கடைக்காரரும் ஆசிரியரும் தலைவரும் நிரம்பிய வரலாறுதான் மிஞ்சும். நான்காம் வழி இதற்குக் கொஞ்சம் ஈடுசெய்யும்.

*எப்போது இது சிறந்தது:* ஒரு சங்கத்தின் சொந்தக் குறிப்பேடுகள், ஒரு குடும்பத்தின் முழுப் பெட்டி, ஒரு ஆசிரியரின் அல்லது தொழிற்சங்கக்காரரின் காகிதங்கள். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறவர் இதைப் பிடிக்கலாம், ஏனென்றால் இதிலிருந்து மற்ற எந்த முறைக்கும் பிறகு போக முடியும்.

வழி 3: வரிசை எண்ணும் பட்டியலும்

வந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கே இருக்கிறது, என்ன, யார் என்பதெல்லாம் பட்டியலில். பெட்டி எதையும் சொல்லாது, பட்டியல் எல்லாம் சொல்லும்.

இதன் வலிமைக்குச் சான்று மறுபடி அந்தக் கப்பல் பதிவேடுதான். மனிதரை எண்ணாக்கியது கொடுமை. ஆனால் பெயரைக் காதால் கேட்டபடி எழுதிய எழுத்தர்களின் கையில் முனுசாமி ஓரிடத்தில் மூன்சாமி, ஓரிடத்தில் முன்சாமி, இன்னோரிடத்தில் முனிசாமி ஆனபோது, மாறாமல் இருந்தது அந்தக் காலனி எண் ஒன்றுதான். இன்று முன்னோரைத் தேடுகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

பெயர்ப் பத்தியில்தான் நம் பட்டியல்கள் முதலில் உடைகின்றன. ஆங்கிலப் படிவத்தின் "முதற்பெயர், குடும்பப்பெயர்" என்ற இரண்டு கட்டம் நமக்குப் போதாது. கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். பல குடும்பங்களில் தந்தையின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப்பெயர் ஆனது, அதனால் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எனவே நான்கு பத்தி வையுங்கள்: ஆவணத்தில் உள்ளபடி பெயர், தேடலுக்கான சீரான பெயர், தந்தை பெயர், தாய் பெயர். முதல் பத்தியில் எழுத்துப் பிழையையும் திருத்தக் கூடாது.

மற்றப் பத்திகளுக்கு ரங்கநாதனின் ஐந்து முகத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம்: யார் அல்லது எந்த அமைப்பு, என்ன பொருள், என்ன நிகழ்வு, எங்கே, எப்போது. தெருக்கூத்து நோட்டீசு இப்போது ஒரே இடத்தில் படுத்துக்கொண்டு ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லும். "தெருக்கூத்து", "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" இரண்டையும் நிகழ்வுப் பத்தியில் எழுதுங்கள். வருகிறவர் எதைச் சொல்லித் தேடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

எக்செல்லில் செய்கிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

- 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாக ஏற்காது. 1860ஆம் ஆண்டுத் தேதி வெறும் எழுத்தாகவே நிற்கும், வரிசைப்படுத்தும்போது கீழே போய்விடும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள். ஊகித்த ஆண்டு என்றால் அதைச் சொல்ல இன்னொரு பத்தி.
- 007 என்று தட்டினால் 7 ஆகும். 07-02 என்றால் ஒரு தேதியாகிவிடும். எண் பத்தியை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது.
- சிஎஸ்வியாக (எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய பட்டியல் வடிவம்) சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும்.
- சில மென்பொருள்கள் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ. அகராதி வரிசையில் தேடுகிறவர் "இல்லை" என்று முடிவுகட்டிவிடுவார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் இருந்தால் முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

மறைந்த செலவு: பட்டியல் போனால் எல்லாம் போனது. 2021 ஏப்ரல் 18 அன்று கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்துக்கு மலைத்தீ பரவியது. வாசிப்பறை எரிந்தது. தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் அடித்தளக் கிடங்குகள் தீயிலிருந்து தப்பின, ஆனால் அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் அங்கேயும் இறங்கியது. அப்படி ஒரு நாளில் எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று சொல்லக்கூடியது வேறிடத்தில் இருக்கும் பட்டியல் ஒன்றுதான். வருடத்துக்கொருமுறை முழுப் பட்டியலையும் அச்சடித்துக் கோயிலில் ஒன்று, வேறு ஊரில் ஒரு வீட்டில் ஒன்று வைத்துவிடுங்கள்.

*எப்போது இது சிறந்தது:* பல வீடுகளிலிருந்து ஒன்றிரண்டாக வரும் புகைப்படங்கள், பாத்திரம், இசைத்தட்டு, பதக்கம் போன்ற பொருள்கள். தட்டச்சு செய்ய ஒருவர் விடாமல் இருப்பார் என்ற உறுதி இருந்தால் மட்டும்.

வழி 4: ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுப்பது

"படத்தைக் கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பவர்தான் அதிகம். அவர்களிடம் இது ஒன்றே வழி. பெட்டி இல்லாத வீட்டின் ஒற்றைப் படமும் இதனால்தான் உள்ளே வரும்.

அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கில், காகிதத்துக்கு 400 புள்ளி, சிறிய புகைப்படத்துக்கு 600 புள்ளி, வண்ணத்தில், சுருக்காத டிஃப் வடிவில். ஏ4 தாள் ஒன்று 400 புள்ளியில் ஏறக்குறைய 46 எம்பி. ஆயிரம் தாளுக்கு 46 ஜிபி. பார்ப்பதற்கு அதிலிருந்து ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள்: ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, ஒட்டுக் கறை எல்லாம் அங்கேதான். கைபேசிச் செயலிகள் "தெளிவாக்கி" கறுப்பு வெள்ளையாக்கும்போது வெளிறிய முத்திரையையும் பென்சில் கோட்டையும் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். வாட்ஸப்பில் அனுப்பிய படம் சுருங்கி, பிடித்த நாள் முதலிய உட்குறிப்புகளும் போய் வந்து சேரும். காப்பகத்துக்கு அது ஆகாது.

செலவு வாங்கும் நாளில் தெரியாது. வன்தட்டு ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டியது. லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தட்டு கெடும், சிறிய யூபிஎஸ் ஒன்று வேண்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது குறைந்தபட்சம். கிளவுடுக் கணக்கு ஒரு தனி ஆளின் மின்னஞ்சலில் இருந்தால் அவர் விலகும் நாளில் காப்பகமும் விலகும். சங்கத்தின் பெயரில் திறந்துகொள்ளுங்கள்.

சட்டமும் இங்கேதான் குறுக்கே வரும். 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் உள்ள, தனிநபர் தகவலைக் காக்கும் பொபியா சட்டத்தின்படி உயிரோடிருப்பவரின் சமயம், இனம், உடல்நிலை பற்றிய விவரங்களுக்குத் தனிக் காப்பு உண்டு. உறுப்பினர் பட்டியல், நன்கொடை ரசீது, அடையாள எண் உள்ள தாள்களை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடக் கூடாது. அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி.

*எப்போது இது சிறந்தது:* மூலம் வேறு வீட்டில் பத்திரமாக இருக்கும்போது. ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தைக் கழிப்பதற்காக ஒருபோதும் இல்லை.

ஒரே பார்வையில்

| | தலைப்பு | வந்த வீடு | வரிசை எண் | ஸ்கேன் |
|---|---|---|---|---|
| பெயரால் தேட | கடினம் | பட்டியல் இருந்தால் | எளிது | பட்டியல் இருந்தால் |
| சூழல் காப்பது | இல்லை | முழுமை | எழுதினால் மட்டும் | எழுதினால் மட்டும் |
| தவறினால் திரும்ப | முடியாது | முடியும் | முடியும் | மூலம் இருந்தால் |
| முதல் உழைப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| தொடர் செலவு | தலைப்பு நகர்வு | இடம் | பட்டியல் காப்பு | வன்தட்டு, கணக்கு |
| ஆள் மாறினால் | தடுமாறும் | நிற்கும் | பட்டியலோடு நிற்கும் | கடவுச்சொல்லோடு போகும் |

நாற்பது வருடக் குறிப்பேடும் நாலு டிரங்கும் உள்ள சராசரிச் சங்கத்துக்கு எங்கள் பரிந்துரை: காகிதம் வந்த வீட்டுப்படி படுக்கட்டும், தலைப்பு பட்டியலில் மட்டும் இருக்கட்டும், புத்தகம் தனி அலமாரியில் தலைப்பு வாரியாக. ஸ்கேனை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போடலாம், பட்டியல் இல்லாத ஸ்கேன் இன்னோர் அலமாரிதான். விதிவிலக்கு, உதிரும் தாள்களும் வெளிறும் படங்களும். அவற்றுக்குக் காத்திருக்க நேரமில்லை. காகிதம் சங்கத்திடம் தங்காது, இடமும் இல்லை என்றால், கொடைக் கடிதத்தோடு வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திடமோ டர்பனின் 1860 பாரம்பரிய மையத்திடமோ பேசிப்பார்க்கலாம். பட்டியலின் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எந்த வழி எடுத்தாலும்

கோடையில் டர்பனில் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கருவறைச் சுவரை ஒட்டிய அறை வேண்டாம், கற்பூரக் கரி தாளில் படியும். ஒரு பெட்டியில் ஆயிரம் தாளுக்கு மேல் திணிக்காதீர்கள், ஐந்து கிலோ தாண்டினால் தூக்குகிற கை கீழே போடும். செலோடேப்பும் லேமினேஷனும் அறவே கூடாது. செய்தித்தாள் நறுக்கு தன் அமிலத்தைப் பக்கத்துத் தாளுக்கும் ஏற்றும், தனி உறையில் வையுங்கள்; நாளிதழின் பெயரும் தேதியும் இல்லாத நறுக்கு பாதி நறுக்குதான்.

டிரங்கில் ஃபிஷ் மாத் (காகிதம் தின்னும் வெள்ளிப்பூச்சி) ஓடினால், தாள்களைப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு முழுநாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பனி நீர் தாளில் இறங்கும். புகைப்படத்தையும் கண்ணாடி நெகட்டிவையும் இப்படிச் செய்ய வேண்டாம்.

முகம் தெரியாத குழுப்படங்களை மட்டும் பட்டியலுக்காகக் காக்க வைக்காதீர்கள், அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. படத்தைப் பெரிதாக நகலெடுத்து, மேலே மெல்லிய தாள் வைத்து தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து, பின்வரிசையின் இடப்பக்கத்திலிருந்து எண் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். ஒருவர் "ஏழாவது ஆள் எங்க பெரியப்பா" என்பார். பெயரை எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு இன்னொரு ஆயா வந்து "அது பெரியப்பா இல்ல, அவர் தம்பி" என்றால் முதல் பெயரை அடிக்காமல் கீழே இரண்டாவது வரியாகச் சேருங்கள்.